பயிற்சியில் பறக்கிறீர்கள், போட்டியில் கை கால் ஓடவில்லையா? புதிதாகப் போட்டிக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சியில் நான் ஓடிய 800 மீட்டர் நேரத்தைப் போட்டியில் ஓட எனக்கு நெடுங்காலம் பிடித்தது. காலில் குறையில்லை, மூச்சிலும் குறையில்லை. துப்பாக்கி வெடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எப்படிக் கையாள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து, பலரிடம் கேட்டு, போட்டிகளில் முயன்று பார்த்து மிஞ்சியதை இங்கே வரிசையாகத் தருகிறேன். ஓட்டம், டென்னிஸ், துப்பாக்கி சுடுதல், பளு தூக்குதல் என்று எந்த விளையாட்டில் இருந்தாலும் பயன்படும்.

முன்கூட்டியே ஒன்று. இதற்குப் பணத்தைவிட நேரம்தான் அதிகம் வேண்டும். முக்கியமான போட்டிக்குக் குறைந்தது 6 முதல் 8 வாரம் முன்பே தொடங்குங்கள். முந்தின நாள் இதைப் படித்துவிட்டு மறுநாள் களத்தில் செய்து பார்க்காதீர்கள். புதிதாகக் கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சியே அன்றைக்கு இன்னொரு கவலையாகிவிடும்.

1. உடம்பா, மனசா என்று பிரித்துப் பாருங்கள்

"எனக்கு டென்ஷனா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது கிளர்ச்சி நிலை. உடம்பும் மூளையும் எவ்வளவு உசுப்பப்பட்டிருக்கின்றன என்பதன் அளவு இது. ஆழ்ந்த தூக்கத்தில் தொடங்கி வெறிபிடித்த பரபரப்பு வரைக்கும் போகும். இதில் நல்லது கெட்டது கிடையாது. சந்தோஷத்திலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பயத்திலும் அடித்துக்கொள்ளும்.

இரண்டாவது உடல் பதற்றம்: வாய் வறட்சி, கை ஜில்லிடுவது, அடிவயிற்றுக் கலக்கம், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது. மூன்றாவது மனப் பதற்றம்: "தோற்றுப்போனால் என்ன ஆகும்", "எல்லாரும் பார்க்கிறார்களே" என்று ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணங்கள்.

பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இந்த இரண்டு பதற்றமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மனப் பதற்றம் பல நாள் முன்பே ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடும். உடல் பதற்றமோ போட்டி நாளன்று, அதுவும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் விறுவிறுவென்று ஏறும். ஆட்டம் தொடங்கியதும் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ஆகவே வாரக் கணக்கில் உங்களை அரிப்பது எண்ணங்கள் என்றால், தசைத் தளர்வுப் பயிற்சி மட்டும் போதாது. கடைசி நேர நடுக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால், நீங்கள் நினைப்பதைவிட வேலை சுலபம்.

2. நோட்டு ஒன்று போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு நோட்டும் பேனாவும்.

ஒவ்வொரு போட்டிக்கும், முக்கியமான பயிற்சி ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். தொடங்குவதற்குச் சுமார் 30 நிமிடம் முன்பு இவற்றை எழுதுங்கள்: உடம்பு எவ்வளவு உசுப்பில் இருக்கிறது, 1 முதல் 6 வரை ஓர் எண் (1 என்றால் மந்தம், 6 என்றால் உச்சம்). கவலை எவ்வளவு, 1 முதல் 10 வரை ஓர் எண். நேற்று எத்தனை மணி நேரம் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, காபி குடித்தீர்களா, அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடும் வாக்கியம் என்ன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். முடிந்த பிறகு ஒரே ஒரு எண்: எப்படி ஆடினேன், 1 முதல் 10 வரை. வெற்றி தோல்வியை இந்த எண்ணில் கலக்காதீர்கள். எதிராளி பலவீனமாக இருந்ததால் ஜெயித்த மோசமான ஆட்டமும் உண்டு, அருமையாக ஆடித் தோற்றதும் உண்டு.

எல்லாரும் மாட்டும் பொறி இங்கேதான் இருக்கிறது. முன்னால் எழுத வேண்டியதைப் போட்டி முடிந்த பிறகு எழுதுவார்கள். முடிவு தெரிந்துவிட்டால் ஞாபகமே நிறம் மாறிவிடும். ஜெயித்தவர் "நான் அமைதியாத்தான் இருந்தேன்" என்பார், தோற்றவர் "காலையிலிருந்தே சரியில்லை" என்பார். அந்தப் பக்கத்தால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு பக்கம் சேர்ந்ததும் நன்றாக ஆடிய நாட்களையும் மோசமான நாட்களையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். உதாரணத்துக்கு, நல்ல நாட்களில் உடம்பு எண் 4, 4, 5, 4 என்றும், மோசமான நாட்களில் 2, 6, 6 என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இடம் 4-ஐச் சுற்றி இருக்கிறது. மந்தமாக இருந்தாலும் கெடுகிறது, எகிறினாலும் கெடுகிறது. யூரி ஹானின் என்ற உளவியலாளர் சொன்ன முறையின் சாரம் இதுதான்: ஒவ்வொரு வீரருக்கும் அவருக்கே உரிய ஒரு பதற்ற வரம்பு உண்டு, அதற்குள் இருக்கும்போது அவர் நன்றாக ஆடுகிறார். அந்த வரம்பு ஒருவருக்குத் தாழ்வாக இருக்கும், இன்னொருவருக்கு உயரத்தில் இருக்கும். பதற்றம் அதிகமாக இருக்கும்போதுதான் நன்றாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள்.

என் நோட்டில் தெரிந்தது எனக்கே ஆச்சரியம். நல்ல ஓட்டங்களுக்கு முன்பெல்லாம் கை ஜில்லிட்டிருக்கிறது, கால் ரூமில் (call room, போட்டிக்குச் சற்று முன்பு வீரர்களைக் கூட்டி வைக்கும் அறை) விடாமல் கொட்டாவி வந்திருக்கிறது. அதைப் பார்த்துச் "சோர்வாக இருக்கிறோமே" என்று பயந்துகொண்டிருந்தவன் நான். எழுதிப் பார்த்த பிறகு அந்தக் கொட்டாவி எனக்கு நல்ல சகுனமாகிவிட்டது.

3. கேள்வித்தாள்கள்: எதை நிரப்பலாம், எதற்குக் காசு தர வேண்டாம்

பயிற்சியாளரோ உளவியலாளரோ சில படிவங்களைத் தருவார்கள். பெயர் தெரிந்திருந்தால் மிரள வேண்டியதில்லை.

ஸ்காட் (SCAT) என்ற கேள்வித்தாள் ரெயினர் மார்ட்டன்ஸ் என்ற விளையாட்டு உளவியலாளர் 1977-இல் வெளியிட்டது. 15 கேள்விகள், அவற்றில் 10-க்குத்தான் மதிப்பெண். மொத்தம் 10 முதல் 30 வரை வரும். பொதுவாகப் போட்டி என்றால் நீங்கள் எவ்வளவு பதறும் சுபாவம் கொண்டவர் என்பதைச் சொல்லும். வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

சிஎஸ்ஏஐ-2 (CSAI-2) என்ற இன்னொரு கேள்வித்தாளில் 27 கேள்விகள். மனப் பதற்றம், உடல் பதற்றம், தன்னம்பிக்கை மூன்றுக்கும் தலா 9 கேள்விகள், ஒவ்வொன்றிலும் 9 முதல் 36 வரை மதிப்பெண். இந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்பதால் போட்டிக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நிரப்புவது வழக்கம். இதில் ஒரு சிக்கல்: "எனக்குத் தோற்றுவிடுவோமோ என்று கவலை" என்கிற மாதிரி வாக்கியங்களை வரிசையாகப் படித்தால் இல்லாத கவலையும் வந்து சேரும் சிலருக்கு. நீங்கள் அந்த ரகம் என்றால், பயிற்சியாளரிடம் சொல்லி முக்கியப் போட்டிகளில் தவிர்த்துவிடுங்கள். நோட்டில் எழுதும் இரண்டு எண்கள் போதும்.

இணையத்தில் "உங்கள் சாம்பியன் ஆளுமை என்ன" என்று காசு கேட்கும் சோதனைகளுக்கு ஒரு பைசா தராதீர்கள். அப்புறம், நிரப்பிய படிவத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் கொடுக்க வேண்டாம். அணித் தேர்வில் இருப்பவர்கள் கைக்குப் போகும் என்றால் யாருமே உண்மையை எழுத மாட்டார்கள், அப்படிப்பட்ட படிவத்தால் உங்களுக்கும் உதவியில்லை.

4. சுபாவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அதோடு மல்லுக்கட்டாதீர்கள்

சாம்பியன்களுக்கென்று தனி ஆளுமை எதுவும் இல்லை. பல பத்தாண்டுகள் தேடியும் ஆய்வாளர்களால் அப்படி ஒரு வார்ப்பைக் காட்ட முடியவில்லை. அதனால் "நான் கூச்ச சுபாவம், எனக்கு இது ஒத்துவராது" என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆனால் சுபாவத்தைப் பொறுத்துத் தயாரிப்பு மாறும். ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் சொன்ன கருத்துப்படி, ஒதுங்கியிருக்க விரும்புபவர்களின் மூளை ஏற்கெனவே கொஞ்சம் கூடுதல் விழிப்பில் இருக்கிறது. கலகலப்பானவர்களுக்கு வெளியிலிருந்து தூண்டுதல் வேண்டும். நான் பார்த்தவரை போட்டிக் களத்தில் இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அமைதியானவரைக் கூட்டமாக நின்று கத்தி உசுப்பேற்றினால் அவர் எல்லையைத் தாண்டிவிடுகிறார். கலகலப்பானவரை மூலையில் தனியாக உட்காரவைத்தால் மந்தமாகிவிடுகிறார். அணி முழுவதையும் வட்டமாக நிற்கவைத்து ஒரே மாதிரி உறுமவைக்கும் பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் அணியில் அப்படி நடந்தால், வட்டத்தில் இருந்துவிட்டு உடனே ஐந்து நிமிடம் தனியாகப் போய் வர அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உயர்ந்த இலக்கு வைப்பது நல்லது. பிழை செய்துவிடுவோமோ என்ற நடுக்கம்தான் ஆட்டத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. நோட்டில் உங்கள் வாக்கியங்கள் பெரும்பாலும் "கூடாது" என்று முடிகின்றனவா என்று பாருங்கள்.

5. உங்கள் விளையாட்டு எவ்வளவு கேட்கிறது?

கிளர்ச்சி நிலை ஏற ஏற ஆட்டம் மேம்படும், ஓர் அளவுக்கு மேல் சரியும். யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1908-இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளைத்த கருத்து இது. நுணுக்கமான வேலைக்கு அந்த உச்சம் தாழ்வாகவே வந்துவிடும். கோல்ஃபில் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விடுவதற்கும், துப்பாக்கி சுடுதலுக்கும் கொஞ்சம் போதும். பளு தூக்குபவருக்கு நிறைய வேண்டும். ஒரே ஆட்டத்துக்குள்ளேயும் இது மாறும்: கூடைப்பந்தில் ஓடித் தடுக்கும்போது ஒரு நிலை, மறு நிமிடம் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறியும் வாய்ப்பு) கோட்டில் வேறு நிலை.

சரிவு எப்போதும் மெதுவாக வராது. மனக்கவலை அதிகமாக இருக்கும்போது உடம்பும் எகிறினால் ஆட்டம் படாரென்று விழும் என்று ஹார்டி, ஃபேஸி என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னார்கள். அப்படி விழுந்த பிறகு லேசாகத் தணிந்தால் போதாது, நன்றாகக் கீழே இறங்கி மறுபடி ஏறி வர வேண்டும். நடு ஆட்டத்தில் எல்லாம் கையை விட்டுப் போனால் "இன்னும் முயற்சி செய்" என்று கத்துவதைவிட டைம் அவுட் கேட்பது மேல்.

6. இறக்கவும் ஏற்றவும் கருவிகள்

இறக்குவதற்கு முதல் கருவி மூச்சு. 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். தினமும் 5 நிமிடம், போட்டி எதுவும் இல்லாத நாளிலும். மூன்று நான்கு வாரம் பழகினால் களத்தில் நாலைந்து மூச்சிலேயே தோள் இறங்குவது தெரியும். வேகவேகமாக ஆழ்ந்து இழுக்காதீர்கள், தலை சுற்றும்.

இரண்டாவது, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை. சுமார் 5 முதல் 7 விநாடி இறுக்கம், 20 விநாடி தளர்வு, பாதத்தில் தொடங்கி முகம் வரை. முழுதாகச் செய்ய 15 முதல் 20 நிமிடம் ஆகும். இது முந்தின இரவுக்கு மட்டும். போட்டிக்குச் சற்று முன்பு முழுதாகச் செய்தால் உடம்பு தொய்ந்துவிடும், மறுபடி எழுப்ப நேரம் இருக்காது. களத்தில் தோளையும் தாடையையும் மட்டும் இறுக்கி விட்டால் போதும்.

ஏற்றுவதற்கு: குட்டிக் குட்டித் துள்ளல், வேகமான அடிகள், தொடையைத் தட்டுவது, வேகத் தாளம் உள்ள பாட்டு. பாட்டில் ஒரு பொறி உண்டு. தடகளப் போட்டிகளில் கால் ரூமுக்குள் போனும் இயர்போனும் அனுமதி இல்லை. பாட்டு இல்லாமல் தயாராகவும் பழகியிருக்க வேண்டும்.

மனசுக்கு: "அமைதியாக இரு" என்று சொல்லிக்கொள்வதைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வது சுலபம். நெஞ்சு படபடப்பது அப்படியே இருக்கட்டும், அதற்கு வேறு பெயர் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் பாடுவது, மேடையில் பேசுவது, கணக்குப் போடுவது மூன்றிலும் இப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள். என் அனுபவத்தில் கால் ரூமிலும் இது வேலை செய்கிறது.

கடைசியாக ஒரு சிறு சடங்கு. சர்வீஸ், ஃப்ரீ த்ரோ, அம்பு விடுதல் போன்றவற்றுக்கு முன் எப்போதும் ஒரே வரிசை: ஒரு மூச்சு, ஒரு பார்வை, ஒரு சொல். அந்தச் சொல் முழு அசைவையும் குறிக்கட்டும், "மென்மை" என்பது போல. நன்கு பழகிய அசைவை முழங்கை, மணிக்கட்டு என்று பிரித்து யோசிக்கத் தொடங்கினால் கை திணறும். நேரத்தையும் அளந்து பாருங்கள். டென்னிஸில் புள்ளிகளுக்கு இடையே 25 விநாடி, சர்வதேசக் கூடைப்பந்து விதிப்படி ஃப்ரீ த்ரோவுக்கு 5 விநாடி. சடங்கு அதற்குள் அடங்காவிட்டால் அதுவே நெருக்கடியாகும்.

7. நெருக்கடியைப் பயிற்சிக்குள் கொண்டுவாருங்கள்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி உலக சாதனையோடு தங்கம் வென்றார். அவருக்கு அந்த எண்ணிக்கை முன்பே பழக்கமாகியிருந்தது.

வாரம் ஒரு நாள் பயிற்சியில் ஒரு தொந்தரவைச் சேருங்கள்: பார்வையாளர்கள், கூச்சல், நடுவரின் தவறான தீர்ப்பு, கடைசி ஒரே வாய்ப்பு. தாமதத்தையும் பழகுங்கள். வார்ம்-அப் முடிந்ததும் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் 30 நிமிடம் தள்ளிப்போடட்டும். போட்டிகளில் அடிக்கடி நடப்பது இதுதான், யாரும் ஒத்திகை பார்க்காததும் இதுதான்.

8. மருந்து, காபி, காகிதங்கள்

இதில் கவனக்குறைவு பதக்கத்தையே பறிக்கும். கை நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சில விளையாட்டுகளில் தடை செய்யப்பட்டவை. வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் எல்லா நாளும் தடை. கோல்ஃப், பில்லியர்ட்ஸ், டார்ட்ஸ், கார் பந்தயம் போன்றவற்றில் போட்டிக் காலத்தில் தடை. 2008 ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜோங்-சு இரண்டு பதக்கங்களை இழந்தது ப்ரோப்ரனலால் என்ற இந்த வகை மாத்திரையால்தான். கவனக் குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் போன்ற ஊக்கிகளும் போட்டிக் காலத்தில் தடை. பொதுவாகப் போட்டிக் காலம் என்பது முந்தின இரவு 11:59 மணிக்கே தொடங்கிவிடும்.

உண்மையான நோய்க்காக இப்படித் தடை செய்யப்பட்ட மருந்தை எடுப்பவர்கள் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு (TUE, சிகிச்சைக்காக அந்த மருந்தை எடுக்க அனுமதி) கோர வேண்டும். தேசிய அளவில் ஆடுபவர்கள் தங்கள் நாட்டு ஊக்கமருந்து தடுப்பு அமைப்பிடமும், சர்வதேச அளவில் ஆடுபவர்கள் தங்கள் சர்வதேச சம்மேளனத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். தேவையானவை: நீங்களும் மருத்துவரும் கையெழுத்திட்ட படிவம், நோய் வரலாறு, பரிசோதனை அறிக்கைகள், வேறு மருந்து ஏன் பொருந்தாது என்ற விளக்கம். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு அனுப்புங்கள். முழுமையான விண்ணப்பம் சேர்ந்த பிறகு முடிவுக்கு 21 நாள் வரை ஆகலாம். அறிக்கை ஒன்று குறைந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்கும். தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் மாறும், போன வருடப் பட்டியலை நம்ப வேண்டாம்.

காபி 2004 முதல் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் ஏற்கெனவே எகிறும் சுபாவம் உள்ளவருக்கு அது மேலும் ஏற்றும். உடம்பில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால் மாலைப் போட்டிக்குக் குடித்தால் அன்றைய தூக்கமும் போச்சு.

9. போட்டி நாள்

முதல் வேலையாகக் காகிதங்கள்: அடையாள அட்டை, வீரர் பதிவு அட்டை, நுழைவு உறுதிப்படுத்தல், விலக்குச் சான்று இருந்தால் அதன் நகல். முந்தின இரவே பையில் போடுங்கள். காலையில் அடையாள அட்டையைத் தேடுவதைவிடப் பெரிய உசுப்பேற்றல் இல்லை.

தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பெரிய சாப்பாடு 3 முதல் 4 மணி நேரம் முன்பு. களத்துக்கு 90 நிமிடம் முன்பாவது போய்விடுங்கள். 30 நிமிடம் இருக்கும்போது நோட்டு. எண் உங்கள் வரம்புக்கு மேல் என்றால் மூச்சு, கீழ் என்றால் துள்ளல். கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். ஓட்டக்காரர்களுக்கு: தவறான தொடக்கத்துக்கு இப்போது பொதுவாக எச்சரிக்கை கிடையாது, முதல் தடவையே வெளியேற்றம். தொடக்கக் கோட்டில் அளவுக்கு மீறிய பரபரப்பு ஒரு வருட உழைப்பை விழுங்கிவிடும்.

முந்தின இரவு தூக்கம் வராவிட்டால் கலங்க வேண்டாம். ஓர் இரவு குறைவதால் பெரிய சேதம் வராது. அதற்கு முந்தைய இரவுகளை நன்றாகத் தூங்கிவிடுங்கள்.

10. எப்போது வெளி உதவி வேண்டும்

பதற்றம் போட்டி நாளைத் தாண்டி வீட்டுக்கும் வந்துவிட்டால், சாப்பாடும் தூக்கமும் வாரக் கணக்கில் கெட்டால், களத்துக்குப் போகவே வெறுப்பாக இருந்தால், மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ சொல்லுங்கள், போட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலத்துக்காக நடுவிலேயே விலகினார், பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விளையாட்டு வீரர்களுக்கான மனநலப் பரிசோதனைக் கருவி ஒன்றை இலவசமாகத் தருகிறது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. அதன் முதல் படி 10 கேள்விகள். மொத்தம் 17 அல்லது மேல் வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும். இது மருத்துவர்கள் பயன்படுத்துவதற்கு, நீங்களே நோய் முத்திரை குத்திக்கொள்வதற்கு இல்லை. அணி மருத்துவரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.

விளையாட்டு உளவியலாளரிடம் போவதானால் முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்: உளவியல் சிகிச்சைக்கான உரிமம் இருக்கிறதா, ஒரு அமர்வு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, வராவிட்டால் கட்டணம் உண்டா, பயிற்சியாளரிடம் என்ன சொல்வார், என்ன சொல்ல மாட்டார். மொத்தமாகப் பல அமர்வுகளுக்கு முன்பணம் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். உங்கள் சங்கமோ கல்லூரியோ இலவசமாக யாரையாவது வைத்திருக்கிறதா என்பதை அதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். முதல் அமர்வில் அவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.